சைலண்ட் வேலியில் ஒன்றுமே தென்படவில்லையே, காடு காலியாகிவிட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோவையிலிருந்து குடும்பத்தோடு கேரளத்தின் சைலண்ட் வேலிக்குப் போயிருக்கிறீர்கள். முக்காலி என்ற ஊரில் வனத்துறை ஜீப் ஏறி, சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் குலுங்கிப் போய், அங்கே காட்சிக் கோபுரத்தில் ஏறிப் பார்த்து, குந்திப்புழைப் பாலம் வரை நடந்து திரும்பியிருக்கிறீர்கள். கண்ணில் பட்டது ஒரு மலையணில், தூரத்தில் இரண்டு கருமந்திகள் (நீலகிரிக் கருங்குரங்கு), அவ்வளவுதான். முதுமலையில் சாலையோரத்திலேயே மான் கூட்டமும் யானையும் நிற்கும்போது, இவ்வளவு பேர்பெற்ற மழைக்காடு ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறது, வேட்டையாடித் தீர்த்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் எதுவும் தெரியவில்லை என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத விலங்குகள் அங்கே இருக்கின்றன என்று எதை வைத்து நம்புவது என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான சந்தேகம்.

நான் பதினாறு ஆண்டுகளாக மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் களப்பணி செய்கிறவன். எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது, அதை யார் தின்கிறார்கள் என்று குறிப்பெடுப்பதுதான் வேலை. பெரும்பாலும் ஆனைமலைப் பக்கம். சைலண்ட் வேலியில் நான்கு கோடைகள் கழித்திருக்கிறேன். பூச்சிகளும் மீன்களும் என் பழக்கத்துக்கு வெளியே, அதனால் அவற்றைத் தொடப்போவதில்லை.

முதலில் முதுமலையோடு ஒப்பிட்டதைப் பேசிவிடலாம். முதுமலையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் புல் தின்கிற விலங்குகள். அது இலையுதிர் காடு. கோடையில் இலை கொட்டும், வெயில் தரைவரை இறங்கும், புல் வளரும், புல்லை நம்பிப் புள்ளிமான் கூட்டம் சேரும். சைலண்ட் வேலியின் நடுப்பகுதி பசுமைமாறாக் காடு. 30, 40 மீட்டர் உயர மரங்கள் குடை பிடித்தமாதிரி நெருங்கி நிற்கின்றன. மேலே விழுகிற வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அந்த இருட்டில் புல் முளைக்காது, புல் இல்லாத இடத்தில் புள்ளிமானுக்கு வேலை இல்லை. தரையில் இருப்பது சருகு, குறிஞ்சி இனப் புதர்கள், நிழலில் காத்திருக்கும் மரக்கன்றுகள். அந்த இலைகளிலும் கசப்பும் துவர்ப்பும் நஞ்சும் அதிகம், எல்லா விலங்குக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே தரையில் வாழும் பெரிய விலங்குகள் மழைக்காட்டில் இயல்பாகவே குறைவு. கடமான் உண்டு, தனித்தனியாகத் திரியும். கேளையாடு என்கிற சின்ன மான் உண்டு, குரைப்புச் சத்தம்தான் கேட்கும். முயல் அளவே இருக்கும் சருகுமான் உண்டு, பகலில் நீங்கள் பக்கத்தில் நின்றாலும் சருகோடு சருகாக இருந்துவிடும்.

அப்படியானால் சாப்பாடு எங்கே இருக்கிறது? மேலே. தளிர், பூ, தேன், பழம், அவற்றை நம்பிய பூச்சி, எல்லாம் வெயில் படுகிற அந்த மேல்விதானத்தில். அதனால்தான் இந்தக் காட்டில் இத்தனை உயிர்கள் மரத்தை விட்டு இறங்காமல் வாழப் பழகியிருக்கின்றன. விலாத்தோலை விசிறியாக விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் பறக்கும் ஓணான், இரவில் அதே வேலையைச் செய்யும் பறக்கும் அணில், கால்விரல்களுக்கு நடுவே சவ்வை விரித்துக் குதிக்கும் மலபார் பறக்கும் தவளை. இவை ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத இனங்கள். ஆனாலும் தரையில் இறங்கி ஏறாமல் அடுத்த மரத்துக்குப் போகவேண்டும் என்கிற தேவை எல்லாவற்றுக்கும் ஒன்று. நீங்கள் நடந்தது நாற்பது மீட்டர் உயர வீட்டின் நிலவறையில். குடித்தனம் எல்லாம் மாடியில் நடக்கிறது.

அங்கே வாழும் விலங்குகளில் சைலண்ட் வேலிக்கு அடையாளமாகிவிட்டது சிங்கவால் குரங்கு. நம் பக்கத்தில் சோலைமந்தி என்பார்கள். உலகில் வேறெங்கும் கிடையாது. களக்காட்டு மலைகளிலிருந்து கர்நாடகத்தின் ஷராவதிப் பக்கம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுத் துண்டுகளில் மட்டும் இருக்கிறது. மொத்தமே நான்காயிரத்துக்கு உட்பட்டுத்தான் என்பது பொதுவான மதிப்பீடு. பதினைந்து, இருபது பேர் கொண்ட ஒரு கூட்டம் சில சதுர கிலோமீட்டர் காட்டைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு தினமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சுற்றுலாப் பயணி நடந்துபோகிற பாதைக்கு மேலே அந்தக் கூட்டம் அதே மணிக்கு வந்து சேரவேண்டுமே, அது பெரும்பாலும் நடக்காது. வால்பாறையில் சாலையோரத்திலும் வீட்டுக் கூரையிலும் சோலைமந்தியைப் பார்த்தவர்கள் இங்கேயும் அப்படி எதிர்பார்க்கிறார்கள். அங்கே காடு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகிப்போனதால் வேறு வழியில்லாமல் தரைக்கு வந்த கூட்டம் அது. சாலையைக் கடக்க அவற்றுக்குக் கயிற்றுப் பாலம் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சைலண்ட் வேலியில் அது உங்கள் கண்ணில் படாதது, விதானம் அறுபடாமல் இருக்கிறது என்பதற்கான அறிகுறி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, இது எல்லாம் விளக்கம். விளக்கம் யாரும் சொல்லலாம். உண்மையிலேயே காலியான ஒரு காட்டைப் பற்றியும் இதே விளக்கத்தைச் சொல்லி மழுப்பிவிட முடியும். மரம் எல்லாம் நிற்க, விலங்குகள் மட்டும் வேட்டையில் தீர்ந்துபோன மழைக்காடுகள் உலகத்தில் நிறைய உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் இதே பச்சை, இதே அமைதி. ஆகவே உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிடாமல், அமைதியான காட்டையும் காலியான காட்டையும் நான் எப்படிப் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்துதான் பார்ப்பேன். ஒரு மார்ச் மாதக் காலையை உதாரணத்துக்குச் சொல்கிறேன். சைரந்திரிக்கு மேலே ஒரு வெடிபலா மரம் பூத்திருந்தது. இந்தக் காட்டில் வெடிபலாவும் நாங்கும்தான் முக்கியமான பெருமரங்களில் சேரும். வெடிபலாவின் பூ கிளைநுனியில் வராது, பருத்த கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு வரும். இதழ் கிடையாது, வெளிர்பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்குச் சதைப்பற்றான ஒரு குழல்தான் பூ. மற்ற மரங்களில் பழம் அருகிப்போகும் வறண்ட மாதங்களில் இது பூப்பதால் காடே இதை நம்பி இருக்கும். நான் போனபோது மரத்தடியில் பாய் விரித்தமாதிரி பூ கொட்டிக் கிடந்தது. உட்கார்ந்து நூறு பூவைப் பொறுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தானாக உதிர்ந்தது அல்ல. சில குழல்கள் நடுவில் பிய்த்து, சதை சுரண்டப்பட்டு, நார் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. சிலவற்றின் ஓரத்தில் உளி வைத்துச் செதுக்கியது போல இணையாக இரண்டு கோடுகள். அது அணில் பல். காலை ஏழு மணிக்கு வெட்டுவாய் காய்ந்து பழுப்பேறியிருந்த பூ என்றால் இரவில் தின்றது, பறக்கும் அணிலாகவோ மரநாயாகவோ இருக்கும். வெட்டுவாய் ஈரமாக இருந்தவை விடிந்த பிறகு தின்றவை. இரவில் வௌவால் வந்து தேன் குடித்து மகரந்தம் சேர்த்துவிட்டுப் போகும், அது தடயம் வைக்காது. நான் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்த்த விலங்கு ஒன்றே ஒன்று, ஒரு மலையணில். ஆனால் அந்த ஒரு மரத்துக்கு முந்திய இரவிலிருந்து மூன்று நான்கு வகை விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள்.

காலியான காட்டில் இந்தப் பூ முழுசாக விழுந்து அழுகும். பழமும் அப்படித்தான். அத்தி மரத்தடியில் பழம் முழுசு முழுசாகக் குவிந்து புளித்துக் கிடந்தால் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அதைத் தின்ன வேண்டியவர்கள் வரவில்லை.

இன்னொரு தடயம் விதை. பெரிய இருவாச்சிப் பறவையின் கூடு உள்ள மரத்தடியில் நின்று பாருங்கள். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் இருக்கும். கோடை முழுக்க ஆண்தான் பழம் கொண்டுவந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். உள்ளேயிருந்து வெளியே உமிழ்ந்த விதைகள் மரத்தடியில் குவியும். காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம், அத்தி என்று, அந்த இடத்தில் தாய்மரமே இல்லாத மரங்களின் கன்றுகள் அங்கே நெருக்கமாக முளைத்திருக்கும். விழுந்த மரக்கட்டையின் மேல் பழவிதைகளோடு கிடக்கும் பழுப்பு மரநாயின் எச்சமும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. இந்த மரநாயும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உள்ள விலங்கு. பெரிய விதைகளை விழுங்கிச் சுமக்கிறவர்கள் தீர்ந்துபோன காட்டில் அந்த மரங்களின் கன்றுகள் தாய்மரத்தின் காலடியைத் தாண்டாது. சைலண்ட் வேலியில் நான் நடந்த பகுதிகளில் அப்படி இல்லை, கன்றுகள் கலந்து பரவிக் கிடந்தன.

மூன்றாவது தடயத்தை நீங்களே பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தக் கருமந்திகள். கருங்குரங்கு லேகியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பொய் மருந்துக்காகவும் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் பல மலைகளில் கருமந்தியைச் சுட்டு அழித்தார்கள். துப்பாக்கிக்காரன் நடமாடும் காட்டில் மனிதத் தலை தெரிந்தவுடன் முதலில் மறைவது கருமந்திதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மகன் படம் எடுக்கும்வரை அவை கிளையில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தன. மலையணிலும் உங்களைப் பார்த்து ஓடி ஒளியாமல் வால் ஆட்டிக் கத்தியது என்கிறீர்கள். ‘ஒன்றும் பார்க்கவில்லை’ என்று நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்ட அந்த இரண்டும்தான், அங்கே வேட்டை பெரிதாக இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

இப்போது எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பார்ப்போம். சைலண்ட் வேலியில் சோலைமந்தி, கருமந்தி, இருவாச்சி, யானை, காட்டுமாடு, செந்நாய், சிறுத்தை, புலி எல்லாம் உண்டு, அதில் சந்தேகமில்லை. எத்தனை என்பதில்தான் கவனம் வேண்டும். அடர்ந்த மழைக்காட்டில் தலை எண்ணுவது மிகக் கடினம். புலிக்குத் தானியங்கிக் கேமரா வைத்து உடல் கோடுகளை ஒப்பிட்டு எண்ணலாம், மற்ற பல விலங்குகளுக்கு அதுவும் ஆகாது. ‘இத்தனை சருகுமான் இருக்கிறது’ என்று யாராவது முழு எண்ணில் சொன்னால், எப்படி எண்ணினீர்கள் என்று கேளுங்கள். அங்கே புலி உண்டு என்பதால் முதுமலை அளவுக்கு நெருக்கமாக இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். தரையில் இரை குறைவாக உள்ள காட்டில் புலியும் குறைவாகத்தான் இருக்க முடியும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில்வண்டுகள் இல்லாததால் அமைதிப் பள்ளத்தாக்கு என்று உங்களுக்கு வழிகாட்டி சொல்லியிருப்பார். ஏப்ரல் மதியத்தில் அங்கே சில்வண்டுச் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன், ஆகவே அந்தக் கதையை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. சைரந்திரி என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்பது இன்னொரு கதை, சோலைமந்தியின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘சிலெனஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மூன்றாவது. மூன்றுமே ஊகம்தான்.

அப்புறம், நீங்கள் போய்வந்ததை ‘சைலண்ட் வேலி முழுவதும்’ என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பூங்காவுக்குள் பல காடுகள் இருக்கின்றன. சுமார் 650 மீட்டரில் தொடங்கி 2,383 மீட்டர் உயர அங்கிண்டா சிகரம் வரை ஏறுகிறது. கீழே ஆற்றோரக் காடு, யானைக்குப் பிடித்த ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் காடு. நடுவில் நீங்கள் பார்த்த உயர்ந்த மழைக்காடு. மேலே போகப்போக மரம் குட்டையாகி, தண்டெல்லாம் பாசி போர்த்த சோலைக்காடு. அதற்கும் மேல், சோலைகளுக்கு நடுவே புல்வெளி, வரையாடு அங்கேதான். அந்தப் பக்கம் இறங்கினால் நம் நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா. ஓர் உயரத்தில் வாழ்வது பலவும் இன்னோர் உயரத்தில் வாழாது. குறிப்பாகத் தவளைகளுக்கு ஒரு ஓடையும் அதன் கரையுமே உலகம். மலபார் மரத்தேரை என்று ஒன்று உண்டு, மரப்பொந்தில் வாழும் சின்னத் தேரை. 1875இல் அறிவியல் உலகம் அதைப் பதிவுசெய்தது. அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1980இல் சைலண்ட் வேலியில்தான் மறுபடி கிடைத்தது. நூறாண்டு காணாமல் போனதைப் பார்த்து அழிந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தால் தவறாகியிருக்கும். அரைநாளில் முடிவுகட்டுவதில் நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றோரக் காட்டைப் பற்றிச் சொல்லும்போது அணை விவகாரத்தைத் தொடாமல் இருக்க முடியவில்லை. குந்திப்புழையின் குறுக்கே சைரந்திரியில் மின்னணை கட்ட 1973இல் அனுமதி கிடைத்தது. நீரில் மூழ்கப்போவது சுமார் 830 ஹெக்டேர்தான், சின்னப் பகுதிதானே என்று அன்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். எண்ணிக்கை சரி. ஆனால் மூழ்கவிருந்தது பள்ளத்தாக்கின் அடி. ஆற்றை ஒட்டிய மழைக்காட்டின் பெரும்பகுதி அந்தக் குறுகிய பட்டையில்தான் இருக்கிறது. மேலே எவ்வளவு சோலையும் புல்வெளியும் மிஞ்சினாலும் அது இதற்கு ஈடாகாது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும், கவிஞர்களும், ஆசிரியர்களும், பறவையியலாளர் சலீம் அலி போன்றவர்களும் எதிர்த்து நின்றார்கள். 1983இல் திட்டத்தை ஆராய அமைத்த எம்.ஜி.கே. மேனன் குழு அறிக்கை கொடுத்தது, திட்டம் கைவிடப்பட்டது, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது, 1985 செப்டம்பர் 7இல் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தார். நீங்கள் நின்ற அந்தப் பாலத்தடியில் ஆறு இன்றும் அடி தெரிய ஓடுவது அதனால்தான். கோவைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நீலகிரியில் பிறக்கும் பவானி இந்தப் பூங்காவின் புறக்காட்டு வழியாக வந்து, நீங்கள் ஜீப் ஏறிய முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மறுபடி நுழைகிறது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்பு மண்டலம் சேர்த்தார்கள். அந்த ஆற்றின் காடும் அதில் வந்தது.

மறுபடி போவதாக இருந்தால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், முதல் வண்டியில் இடம் பிடியுங்கள். கோபுரத்தில் ஏறியதும் இறங்கிவிடாதீர்கள். அந்த உயரத்தில்தான் காட்டின் மாடி உங்கள் கண்மட்டத்துக்கு வருகிறது. பச்சைக்கு நடுவே ரத்தச் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது பூ அல்ல, கருங்குங்கிலியத்தின் தளிர். காற்றைக் கிழிக்கிற ரயில் சத்தம் மாதிரி ஏதாவது கேட்டால் இருவாச்சி இறக்கை அடிக்கிறது என்று அர்த்தம், சத்தம் வந்த திசைக்குக் கொஞ்சம் முன்னால் பாருங்கள். பேசாமல் அரைமணி நேரம் நின்றால் ஏதோ ஒரு கிளை காற்றில்லாமல் ஆடும். குழந்தைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்றால், பாலத்துக்கு நடக்கும் வழியில், பாதையை விட்டு விலகாமல், உதிர்ந்து கிடக்கும் பூவையும் பழத்தையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எதையும் எடுத்து வரவேண்டாம், பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடலாம். எது முழுசாக விழுந்தது, எது கடிபட்டது, கடித்தது அணிலா குரங்கா, கடிவாய் ஈரமா காய்ந்ததா என்று பிரித்துப் பார்க்கட்டும். மார்ச்சில் போனால் வெடிபலாப் பூ கிடைக்க வாய்ப்புண்டு. உப்பும் மஞ்சளும் தேய்த்த நீள காலுறை மறக்காதீர்கள். கோடைமழை ஒன்று பெய்திருந்தாலும் அட்டைகள் காத்திருக்கும்.